நிறுத்தி வைத்த ஊர்

"ஆன்ட்டி, இந்தச் சண்டையில செத்துப்போறவங்கள யாரு தூக்கிட்டுப் போறாங்க?"

இதைக் கேட்டபோது பெனிட்டாவுக்கு எட்டு வயது. இரண்டாயிரமாம் ஆண்டு, புரட்டாசி மாதம். கல்பாக்கம் குடியிருப்பில், பார்வதத்தின் வீட்டுக் கூடத்தில், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் பார்வதத்தின் மகன் ஹரிகிருஷ்ணன் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு துறைமுகப் பட்டணம். மரம் வெட்டுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், கோட்டைச் சுவருக்கு வெளியே வாளோடு மோதிக்கொள்கிறவர்கள். வெட்டுப்பட்டு விழுந்தவன் சிறிது நேரத்தில் எலும்பானான். எலும்பும் மங்கிப்போய், அந்த இடத்தில் புல் தெரிந்தது.

"யாரும் தூக்க வேணாம். அதுவா மறைஞ்சிடும்," என்றான் ஹரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப அவங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த பார்வதத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தோசை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. அந்தக் குழந்தையின் அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பெனிட்டாவும் அவள் அப்பா ஜெபகுமாரும் மாடி வீட்டில் இருந்தார்கள். ஜெபகுமார் நாசரேத் பக்கத்துக்காரர். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மனைவி மேரி புஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். சிறு வயதிலிருந்தே இருதயத்தில் கோளாறு உள்ளவள். கடைசி இரண்டு வருஷம் படியேறக் கூடாது, பாத்திரம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் குழம்புக் கிண்ணம் போய்வந்துகொண்டே இருந்தது. பார்வதம் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. திருக்கழுக்குன்றத்தில் அவள் பிறந்த வீட்டில், பக்கத்து வீட்டில் நோயாளி இருந்தால் அரிசி களையும்போதே ஒரு பிடி கூடப் போடுவார்கள். அதையேதான் அவளும் செய்தாள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனைவிக்காக ஜெபகுமார் பம்பாய்க்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கி வந்தார். 'ஹார்பர் கிங்ஸ்' என்று பெயர். தடித்த அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு சி.டி., ஒரு புத்தகம். சண்டை போட்டு ராஜ்ஜியம் பிடிக்கும் விளையாட்டு அது. மேரி புஷ்பம் அதில் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எதிரி ராஜாவைத் தூரத்துத் தீவில் வைத்துவிட்டு, கடற்கரையோரம் ஊர் கட்டினாள். சர்ச், பள்ளிக்கூடம், மீன் காயவைக்கும் மணல்வெளி, படகுகள். தினம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். அவள் போன பிறகும் அந்த ஊர் மாடி வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் விட்ட இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பாவும் மகளும் அதைத் திறப்பார்கள். திறந்த உடனே நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஓட விட்டால் ஊர் மாறிவிடும். பனிக்காலம் வரும், களஞ்சியம் தீரும், கிழவர்கள் சாவார்கள். அதனால் ஓட விடுவதில்லை. நின்ற ஊரைச் சிறிது நேரம் பார்ப்பார்கள். பிறகு எதையும் சேமிக்காமல் மூடிவிடுவார்கள். பெனிட்டாவே இதைப் பார்வதத்திடம் சொல்லியிருந்தாள்.

அந்த சி.டி.யைத்தான் ஹரி இரவல் வாங்கி வந்திருந்தான்.

"சண்டே சர்ச் விட்டு வந்ததும் வேணும். மறந்துடக் கூடாது," என்று பெனிட்டா விரலை நீட்டிச் சொன்னாள்.

"சனிக்கிழமையே தந்துடறேன் பாட்டி," என்றான் ஹரி.

"யாருடா பாட்டி?"

"பேசறத பாத்தா அப்படித்தான் இருக்குது."

வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. பார்வதத்துக்கு வருஷத்தில் மிகவும் பிடித்த நாள் அது. நமக்கு உழைக்கிற சாமான்களுக்கு ஒரு நாள் ஓய்வும் மரியாதையும் கொடுப்பது எவ்வளவு நல்ல வழக்கம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள். அரிவாள்மணை, தையல் மெஷின், கணவர் லட்சுமணனின் ஸ்கூட்டர், ஹரியின் ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஹரி வாழைக்கன்றும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். இந்த வருஷம் புதிதாகக் கம்ப்யூட்டர் இருந்தது. திரைக்கு ஒரு பொட்டு, எழுத்துப் பலகைக்கு ஒரு பொட்டு. பெட்டிக்குப் பொட்டு வைக்கும்போது விரல் ஏதோ பொத்தானில் பட்டு, சின்னத் தட்டு ஒன்று தானாக வெளியே வந்து நின்றது.

பார்வதம் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். பிறகு சிரிப்பு வந்தது. தனக்கும் உண்டா என்று கேட்டுத் தட்டு நீட்டியது போல இருந்தது அது. தட்டில் சி.டி. இருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வாள் பிடித்த வெள்ளைக்காரன் படம். மறுபக்கம் கண்ணாடி. அவள் பிறந்த வீட்டில் பூஜைக்குக் கண்ணாடி வைத்து அம்மனை அதில் அழைப்பது வழக்கம். ஆகவே கண்ணாடிப் பக்கம்தான் முகம் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூன்று விரலால் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் புத்தகங்களின் மேல் வைத்தாள்.

மறுநாள் காலை பூஜை முடித்து எடுத்தபோது சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். மஞ்சள் கறை போகவில்லை. இரவல் வாங்கிய பொருளைக் கறையோடு தருவது சரியல்ல என்று தோன்றியது. வெள்ளிக் குங்குமச்சிமிழையும் காமாட்சி விளக்கையும் அவள் எப்போதும் விபூதி போட்டுத்தான் தேய்ப்பாள், பளபளவென்று வரும். அதே போல ஒரு பிடி விபூதியைக் கொட்டி, பழைய வேட்டித் துணியால் சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்த்தாள்.

ஹரி அதைப் போட்டதும் பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மா, இத யாரு தொட்டா?"

"நான்தான். பொட்டு வெச்சேன். காலைல தேச்சு வெச்சேன். இன்னாடா?"

"தேச்சியா? எதால?"

"விபூதியால."

ஹரி கத்தவில்லை. சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பார்வதத்துக்குப் புரிந்தது.

"வேற வாங்கிக் குடுத்துடலாம்டா."

"இது இப்ப வர்றதில்லம்மா. கம்பெனியே இந்த கேம நிறுத்திட்டான்."

"அந்த ஊரு அவங்க கம்ப்யூட்டர்லதான இருக்குது? அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஊரு அங்கதான் இருக்கு. இந்த சி.டி. உள்ள இல்லாம அது தொறக்காது. ஊரு அங்க, கதவு இங்க."

பார்வதம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைகளுக்குள் விபூதி படிந்திருந்தது. நெற்றியில் இடுகிற அதே விபூதி. அதை இத்தனை பயத்தோடு அவள் பார்த்தது அன்றுதான்.

கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தனியாகவே மாடி ஏறினாள். ஜெபகுமார் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். பெனிட்டா உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பார்வதம் சி.டி.யை நீட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வட்ட வட்டமாக ஆயிரம் கீறல். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"பிள்ளைகிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல தம்பி. ரெண்டு பேரையும் வெச்சுச் சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லாதீங்க அக்கா."

"அது எப்படி?"

"அவ அம்மா போனதுல இருந்து அவ வயிறார சாப்பிடுதது ஒங்க வீட்டுலதான். எம்மேல கோவம்னா என்ன செய்வா, எம் பக்கத்துலதான படுக்கணும். ஒங்க மேல கோவம்னா அவ மாடிய விட்டு எறங்க மாட்டா. எனக்குச் சோறு பொங்கத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

பார்வதம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பெனிட்டா வந்துவிட்டாள்.

"ஹரி அண்ணன் சி.டி. குடுத்துட்டானா?"

"குடுத்துட்டாம்மா," என்றார் ஜெபகுமார். "அப்பாதான் கீழ போட்டுட்டேன். மண்ணு ஒட்டிட்டுன்னு தேச்சேன். பாழாப்போச்சு."

குழந்தை சி.டி.யை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. அதைத் தன் நோட்டின் மேல் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே நீங்க எதையும் தொடாதீங்கப்பா."

நான் செய்தது என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பார்வதத்துக்கு நாக்கு எழவில்லை. தன் தலையில் விழ வேண்டியதை வேறொருவர் தன் கண் முன்னால் எடுத்து அவர் தலையில் வைத்துக்கொண்டால் மனிதருக்கு ஏற்படும் அதிர்ச்சி சாதாரணமானதல்ல. தப்பு செய்த அதிர்ச்சியைவிட அது பெரிது. அவள் படி இறங்கியது அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் நிற்கவில்லை. ஜெபகுமார் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாலும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டப் போனாலும், மகளின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட வந்தாலும், "நீங்க தொடாதீங்கப்பா, ஒடச்சிருவீங்க." முதலில் கோபமாகச் சொன்னாள். பிறகு அது பழக்கமாகி, கோபம்கூட இல்லாமல் வந்தது. அதுதான் பார்வதத்துக்கு இன்னும் தாங்கவில்லை. அவர் மட்டும், "சரி தாயி," என்று கையை இழுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு முறை படிக்கட்டில் அவரை நிறுத்தினாள்.

"எனக்குத் தாங்கல தம்பி. நான் சொல்லிடறேன்."

"எனக்குப் பழகிட்டு அக்கா. ஒங்களுக்குப் பழகாது. விட்டுருங்க."

ஹரி சென்னைக்குப் போய் யாரோ நகல் எடுத்து விற்ற சி.டி. ஒன்று வாங்கி வந்தான். பெனிட்டா பள்ளிக்குப் போன நேரத்தில் அவனும் ஜெபகுமாரும் போட்டுப் பார்த்தார்கள். விளையாட்டு வந்தது, அந்த ஊர் மட்டும் வரவில்லை. இந்தக் கோப்பு வேறு பதிப்பில் உருவானது என்று திரையில் ஒரு வரி வந்தது. ஊரை வெளியே எடுத்துப்போய் வேறு எங்காவது முயலலாம் என்றால் ஃப்ளாப்பியில் அடங்கவில்லை. ஜெபகுமார் அன்று மாலையே கம்ப்யூட்டருக்குத் துணி உறை போட்டு மூடினார்.

மூன்று வருஷம் போயிற்று. ஹரி கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் ஹாஸ்டலில் இருந்தான். பெனிட்டா பின்னல் போட்டுக்கொண்டு, கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு, இன்னமும் பள்ளி விட்டதும் நேரே கீழ் வீட்டுக்குத்தான் வந்தாள்.

ஒரு புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "ஆன்ட்டி, அந்தப் பழைய பெட்டிய எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டுட்டோம். அடுத்த புதன்கிழமை வந்து எடுத்துட்டுப் போவாங்க. புதுசு வருது."

பார்வதத்தின் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது.

"அதுல உங்கம்மா ஊரு இருக்குதே கண்ணு."

"இருந்து இன்னா பண்றது? தொறக்காதே." பெனிட்டா அப்பளத்தை நொறுக்கினாள். "எங்கப்பா அத வெளிய தூக்கி வெக்காம இருந்தா சரி. அதையும் ஒடச்சிருவாரு."

பதினோரு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து இவ்வளவு வறண்ட குரல் வரும் என்று பார்வதம் எதிர்பார்க்கவில்லை. ஊர் போவது ஒரு பக்கம். அது போன பிறகு இந்தப் பேச்சு மட்டும் என்றென்றைக்கும் அந்த வீட்டில் தங்கிவிடுமே. அன்றே ஹாஸ்டலுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றான் ஹரி. "அந்த கேம் திரும்ப வந்திருக்கு. புது அட்டையில, புது விண்டோஸ்ல ஓடற மாதிரி. கம்ப்யூட்டர் பத்திரிகைல பாத்தேன்."

"அதுல அந்த ஊரு தொறக்குமா?"

"தொறக்கலாம். தொறக்காமலும் போகலாம். பழைய கேம்ல சேவ் பண்ணது ஓடும்னு சில பேர் சொல்றாங்க, ஓடலன்னு சில பேர் சொல்றாங்க. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடையில வந்திருக்கும், கேட்டுப் பாரு. நான் சனிக்கிழமை சாயங்காலம் வரேன்."

சனிக்கிழமை காலை பார்வதம் பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் வந்தபோது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை.

கடையில் நாலைந்து பையன்கள் கூடியிருந்தார்கள். கடைக்காரர் பெயர் முனிசாமி என்று பலகையில் போட்டிருந்தது. அவர் இவளைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"பக்தி சி.டி. அந்தாண்ட கீதும்மா. சுப்ரபாதம், கவசம், எல்லாம் வந்துகீது."

"எனக்கு கேம் வேணும்."

"பையனுக்கா?"

"எனக்குத்தான்."

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிசாமி கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "இன்னா மாதிரி கேமு? கார் ஓட்றதா, சுட்றதா?"

"ஊரு கட்றது. ஹார்பர் கிங்ஸ்."

"யம்மா, அது ஸ்ட்ராடஜி. நாள் கணக்குல குந்திகினு ஆடணும்," என்றான் ஒரு பையன். "சண்டையும் வரும்."

"வந்தா வரட்டும்பா. நான் போட மாட்டேன்."

முனிசாமி சிரித்துவிட்டார். "பழைய கேமுக்கு இப்ப புதுச் சட்ட போட்டு அனுப்பிகினு கீறானுங்க. முன்ன மாதிரி தடிப் புக்கு கெடயாது, பெரிய பொட்டி கெடயாது. ஒண்ணே ஒண்ணுதான் வந்துது. இந்தா."

மெல்லிய உறை. பார்வதம் திறந்து பார்த்தாள். உள்ளே வெறுமை. 

"சி.டி. இல்லையே."

"இருக்குதும்மா, பயந்துக்காத. உள்ள வெச்சா இவனுங்க லவட்டிகினு பூடுவானுங்க." அவர் கல்லாவுக்குக் கீழிருந்து சி.டி.யை எடுத்து, பழக்கத்தில் சட்டை நுனியால் துடைக்கப் போனார்.

"தொடைக்காதீங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. முனிசாமி கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். பார்வதம் ஓரத்தில் விரல் நுனி கொடுத்து சி.டி.யை வாங்கி, உறையில் வைத்து மூடினாள்.

"ஜாக்ரதயான பார்ட்டிம்மா நீ," என்றார் அவர், மெதுவாக.

மாலையில் ஹரி வந்தான். சி.டி. கீழ் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. ஊர் திறக்குமா என்பது மட்டும் மாடியில்தான் தெரியும்.

"காலைல அவங்க சர்ச்சுக்குப் போனதும் நான் போய்ப் போட்டுப் பாக்கறேன்," என்றான். மாடி வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் பார்வதத்திடம்தான் இருக்கும்.

"நீ வேணாம். நான் போறேன்."

"உனக்கு மவுஸ் புடிக்கவே தெரியாது."

"சொல்லிக் குடு. நான் பண்ணதுக்கு நான்தான் போவணும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டே செய்யலாமே?"

பார்வதம் சிறிது யோசித்தாள். "தொறக்கலன்னா? அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவ பறிகுடுக்கும். அவருக்கும் இப்பத்தான் ஆச விட்டுருக்குது. தொறந்துச்சுன்னா தெரியட்டும். தொறக்கலன்னா நம்மோட போவட்டும்."

ஹரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பழைய விளையாட்டு இருக்கும் இடத்தில் புதியதை ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஊரே அழிந்தாலும் அழியும். வேறு பெயரில் தனி இடம் கேட்க வேண்டும். பழைய ஊரின் நகலை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டும். திறந்ததும் ஊர் ஓடாமல் நிற்க 'பி' என்ற எழுத்தை அழுத்த வேண்டும். வெளியே வரும்போது சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தூங்கப் போகும் முன் அவளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தான்.

"எல்லாம் சரி. மறுபடியும் பொட்டு மட்டும் வெச்சுடாத," என்றான் கடைசியில்.

"போடா," என்றாள். கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபகுமாரின் ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. பார்வதம் குளித்து, விளக்கேற்றி, மாடி ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். தெரிந்த வீடுதான், ஆனாலும் யாருமில்லாத நேரத்தில் நுழைவது நெஞ்சில் இடித்தது. சுவரில் மேரி புஷ்பம் படமாக இருந்தாள். "நல்லதுக்குத்தான் வந்திருக்கேன் டீச்சர்," என்று முணுமுணுத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் உறையை எடுத்தாள்.

ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகே அழுத்தினாள். ஒரு தடவை கேள்வி புரியாமல் போய், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மறுபடி படித்தாள். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. ஊரின் பெயர் வரிசையில் இருந்தது. அழுத்தினாள்.

திரை கறுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அலைச் சத்தம் கேட்டது. வெளியே கடல் பக்கம்தான், அதன் சத்தம் என்று நினைத்தாள். இல்லை. கண்ணைத் திறந்தால் ஊர் இருந்தது. சர்ச் இருந்தது. அதன் எதிரே பள்ளிக்கூடம். மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. எங்கும் ஒரு கோட்டைச் சுவர் இல்லை, ஒரு சிப்பாய் இல்லை. பார்வதத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கடலில் மூன்று படகுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முதலாவது பெனிட்டா. இரண்டாவது ஜெபா. மூன்றாவது வலையோடு கரையை நோக்கி அசைந்து வந்துகொண்டிருந்தது. அதன் மேல் இருந்ததை அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். பார்வதம்.

தப்பாகப் படித்துவிட்டோம் என்று மறுபடி கூட்டினாள். அவள் பெயர்தான்.

குழம்புக் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பி, பாத்திரம்கூடத் தூக்கக் கூடாத ஒருத்தி இதை எழுதியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார்கள். சி.டி.யை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசாமல் நின்றாரே, அப்போதும் அவருக்கு இது தெரியும்.

படகு துறைக்கு வந்து மீனைக் கொட்டியது. களஞ்சியத்தில் ஒரு எண் கூடியது. அப்போதுதான் பார்வதத்துக்கு உறைத்தது: ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் எழுத்துப் பலகையில் 'பி' எங்கே என்று தேடினாள். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. கண்டுபிடித்து அழுத்தினாள். எல்லாம் நின்றது. வெளியே வந்தாள். சேமிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டரை அணைத்து உறையைப் போட்டாள்.

சி.டி.யை எடுத்து உறையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். மேஜை மேல் வைத்தால் யார் வைத்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பழைய கதை வரும். பழைய கதையைச் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் ஜெபகுமாரின் ஆபீஸ் பை தொங்கியது. திங்கட்கிழமை காலை அந்தப் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை வைப்பது பெனிட்டாதான். அப்பா உடைத்துவிடுவார் என்று அவரை வைக்க விடமாட்டாள்.

பார்வதம் பையைத் திறந்தாள். குடைக்குப் பக்கத்தில், அவரே எங்கோ அலைந்து தேடி வாங்கி, கொடுக்க நேரம் பார்த்து வைத்திருப்பதைப் போல, உறையைச் செருகினாள். இது பொய்யா என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு பொருளை ஒரு பையில் வைத்தோம், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரில் இருந்தவளைப் பார்த்துக் கை கூப்பினாள். பையின் ஜிப்பை ஓசையில்லாமல் இழுத்து மூடினாள்.

கதவைப் பூட்டிவிட்டுக் கீழே வந்து, ஐந்து பேருக்கு அரிசி களைந்து போட்டாள்.